அப்பாவுக்கு ஒரு கல்வெட்டு: 31ஆம் நாளுக்குள் நினைவு மலரை எழுதி அச்சிட்டு முடிக்கும் வழி

அப்பா போய் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிவதற்குள் வீட்டில் யாராவது ஒருவர், "கல்வெட்டை யார் எழுதுறது?" என்று கேட்டுவிடுவார். கல்வெட்டு என்பது 31ஆம் நாள் சபையில் வாசித்துக் கொடுக்கும் நினைவு மலர். பெரும்பாலும் மூத்த மகளோ, கொஞ்சம் தமிழ் எழுத வரும் மருமகனோ பொறுப்பேற்பார்கள். கையில் இருப்பது மூன்று கிழமை. துக்கம் ஒருபுறம், சனம் ஒருபுறம். கடைசியில் வேறொருவருடைய கல்வெட்டை எடுத்துப் பெயரை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். அப்படி முடியாமல் இருக்க எந்த வேலையை எப்போது செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. திருகோணமலைச் சைவக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. 31ஆம் நாள் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் 3ஆம் படியையும் 8ஆம் படியில் வரும் தோத்திரங்களையும் தங்கள் முறைப்படி மாற்றிக்கொண்டால் போதும்.

1. முதல் எட்டு நாள்: எழுதவும் வேண்டாம், எறியவும் வேண்டாம்

இந்த நாட்களில் எழுத உட்கார்ந்தால் புலம்பல்தான் வரும். அது வேறு, வாழ்க்கை வரலாறு வேறு. இப்போதைய வேலை காப்பாற்றுவது மட்டும்.

எட்டுச் செலவுக்குப் பிறகு வீட்டைத் துப்புரவாக்குகிறோம் என்று உறவினர் அலுமாரியைத் திறப்பார்கள். உடுப்புகள் தானமாகப் போகும், "பழைய கடதாசி" குப்பையோடு எரியும். அதற்கு முன் அலுமாரியின் ஒவ்வொரு தட்டையும் மேசை லாச்சியையும் உள்ளது உள்ளபடி படம் எடுங்கள். கணக்குக் கொப்பி, கோயில் உபயப் பற்றுச்சீட்டு, மருந்துச் சீட்டு, கதவு மூலையில் தொங்கும் சாவிக்கொத்து எல்லாம் படத்தில் வரட்டும். பின்னால் எழுதும்போது எது தேவைப்படும் என்று இப்போது உங்களால் சொல்ல முடியாது.

அப்பாவின் போனை யாருக்கும் கொடுக்கவேண்டாம், சிம்மையும் கழற்றவேண்டாம். பயன்படுத்தாத இலக்கம் காலப்போக்கில் நின்றுபோகும். வட்ஸ்அப் அந்த இலக்கத்தோடு கட்டுண்டது. பேரப்பிள்ளைக்கு அனுப்பிய குரல் செய்திகளை முதல் கிழமையிலேயே வேறொரு கணினியில் பதிந்து வையுங்கள். அப்பா பேசும் விதம் அதில்தான் இருக்கிறது.

இதே நாட்களில் பொறுப்பைப் பிரித்துவிடுங்கள். ஒருவர் கேட்டு எழுத, ஒருவர் படங்களுக்கு, ஒருவர் அச்சகத்துக்கு. முடிவு சொல்ல ஒருவர் மட்டும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் திருத்தம் சொல்லலாம். ஆனால் கோப்பில் கை வைப்பவர் ஒருவராக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் 25ஆம் நாள் உங்களிடம் நான்கு பிரதிகள் இருக்கும், எது கடைசி என்று யாருக்கும் தெரியாது.

2. கடதாசிகளால் எலும்புக்கூட்டைக் கட்டுங்கள்

ஒரு கொப்பியில் ஆண்டுகளை மேலிருந்து கீழாக எழுதி, ஆவணம் உள்ளதை மட்டும் எதிரே நிரப்புங்கள். பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், நியமனக் கடிதம், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, ஓய்வூதியக் கோவை. ஆட்களிடம் கேட்கப் போவதற்கு முன் இதைச் செய்யக் காரணம் உண்டு: நினைவுகள் நிகழ்ச்சியைச் சரியாகச் சொல்லும், ஆண்டைத் தவறாகச் சொல்லும்.

பிறந்த தேதியில் குழப்பம் வருவது சாதாரணம். சாதகத்தில் ஒன்று, சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாகவே எண்ணவேண்டும். 45123 என்று தொடங்கினால் 1945 மே 2. (பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும். அம்மாவின் அட்டையைப் பார்த்துத் திகைக்கவேண்டாம்.) சான்றிதழும் சாதகமும் முரண்பட்டால் வீட்டில் எந்த நாளைப் பிறந்தநாளாகக் கொண்டாடினார்களோ அதையே போடுங்கள். சபையில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது அதுதான்.

3. திதியை முதலில் உறுதிப்படுத்துங்கள்

இது பிழைத்தால் கல்வெட்டு மட்டும் பிழைக்காது. ஒவ்வோர் ஆண்டும் திவசம் இதே மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதியை வைத்துத்தான் வரும். பத்து ஆண்டு கழித்துப் பிள்ளைகள் பார்க்கப்போவதும் இந்த மலரைத்தான்.

குருக்களிடம் போகும்போது நாளை மட்டும் சொல்லாமல் உயிர் பிரிந்த நேரத்தையும் சொல்லுங்கள். திதி நள்ளிரவில் மாறுவதில்லை, பகலிலோ இரவிலோ எந்த நேரத்திலும் மாறும். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குவதால் செவ்வாய் அதிகாலை 3 மணிக்கு நடந்த மரணம் பஞ்சாங்கப்படி திங்கள்தான். மரணச் சான்றிதழில் செவ்வாய் என்றும் கல்வெட்டில் திங்கள் என்றும் வந்தால் அது பிழையல்ல. ஆனால் வாசிப்பவர் குழம்பாமல் ஆங்கிலத் தேதியையும் நேரத்தையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கங்களுக்கிடையே திதி முடியும் நேரம் வேறுபடும். உங்கள் வீட்டில் அப்பப்பாவின் திவசத்தை எந்தப் பஞ்சாங்கப்படி செய்தார்களோ அதையே பின்பற்றுங்கள். மரணம் வெளிநாட்டில் நடந்திருந்தால் எந்த நாட்டு நேரம் என்பதையும் குருக்களிடம் சொல்லவேண்டும்.

4. ஆட்களிடம் கேட்பது: 9ஆம் நாளிலிருந்து 16ஆம் நாள் வரை

மலர் நன்றாக வருவதும் வராததும் இந்த எட்டு நாளில்தான். அதனால் இதற்கு நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள்.

யாரை முதலில் கேட்பது என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. அப்பாவின் அக்கா, அண்ணா, சித்தப்பா முறையானவர்களிடம் முதலில் போங்கள். வயது காரணம். அவர்களுக்குப் பிறகு அந்தச் சிறுவயதைச் சொல்ல ஆளில்லை. அடுத்து கூட வேலை செய்தவர்கள். அதன்பின் அயலவர், கோயில் ஆட்கள். பிள்ளைகள் பிறகு. அம்மாவிடம் கடைசியில், அதுவும் இருபது நிமிடம் இருபது நிமிடமாக. முதலிலேயே அம்மாவிடம் போனால் அவர் அழுவார், நீங்களும் அழுவீர்கள், கொப்பி வெறுமையாக இருக்கும். மற்றவர்கள் சொன்னதைக் கொண்டுபோய், "மாமா இப்பிடிச் சொன்னார், சரியா அம்மா?" என்று கேளுங்கள். "அவருக்கென்ன தெரியும்" என்று தொடங்கி, யாரும் சொல்லாததை அவரே சொல்வார்.

"அப்பா எப்பிடிப்பட்டவர்?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். "நல்ல மனிசன்" என்ற இரண்டு சொல்தான் கிடைக்கும். செயலைக் கேளுங்கள். விடிய எழும்பினதும் முதலில் என்ன செய்வார்? சந்தைக்குப் போனால் என்ன மீன் வாங்குவார், பாரையா, விளைமீனா? யாருக்குப் பயப்படுவார்? கோபம் வந்தால் சத்தம் போடுவாரா, சாப்பிடாமல் இருப்பாரா? பிள்ளைகளின் புதுக் கொப்பிகளுக்கு உறை போட்டது யார்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்? பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு எந்த நாளில் போவார், எந்தப் பக்கம் நிற்பார்? இத்தகைய கேள்விக்கு ஒரு காட்சி பதிலாக வரும். காட்சியை எழுதலாம், பட்டத்தை எழுத முடியாது.

ஆண்டு தெரியாதென்றால் ஆண்டைக் கேட்காமல் ஊரறிந்த நிகழ்ச்சியோடு பொருத்திக் கேளுங்கள். 1957இல் பிரித்தானியக் கடற்படை போனதற்கு முன்னா பின்னா? 1964 டிசம்பர்ச் சூறாவளி நேரம் எந்த வீட்டில் இருந்தீர்கள்? 83 கலவரத்துக்கு முன் வாங்கிய காணியா? 90இல் சண்டைக்கு ஓடினபோது சின்னவன் கைக்குழந்தையா, நடந்தானா? மூதூர்ப் பக்கக் குடும்பமென்றால் 2006 இடப்பெயர்வு ஓர் அடையாளக்கல். கிண்ணியாவுக்குப் பாதையில் (மிதவைப் படகில்) போனாரா, பாலத்தால் போனாரா என்று கேட்டால் 2009க்கு முன்னா பின்னா என்று தெரிந்துவிடும். கிடைத்ததை 2ஆம் படியில் எழுதிய ஆண்டுக் கொப்பியில் பென்சிலால் மட்டும் குறியுங்கள்.

பேச்சை போனில் பதியுங்கள். அனுமதி கேட்டுவிட்டு, போனை விமான நிலையில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, பேசுபவருக்கு ஒரு முழத் தூரத்தில் துணியின் மேல் வையுங்கள். விமான நிலையில் போடாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுபோகும், அதை அரைமணி கழித்துத்தான் கவனிப்பீர்கள். பதிவின் தொடக்கத்தில் நாளையும் பேசுபவரின் பெயரையும் முறையையும் சொல்லிவிடுங்கள்.

5. படங்கள்

இடம்பெயர்ந்த குடும்பங்களில் அல்பம் இருக்காது. "படமே இல்லை" என்று விட்டுவிடவேண்டாம். மற்றவர்களின் கலியாண அல்பங்களில் பந்தலுக்குப் பின்னால் அப்பா நின்றிருப்பார். பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், வெளிநாட்டுக்குக் கடிதத்தோடு அனுப்பிய படங்கள் என்று தேடுங்கள். கடிதம் கிடைத்தால் அதையும் கேளுங்கள். கையெழுத்து ஒரு படத்துக்குச் சமம். அவர் எழுதிய சாமான் துண்டு ஒன்று மலரில் வந்தால் பேரப்பிள்ளைகள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடே படம் எடுங்கள். அடையாள அட்டை அளவுள்ள சிறு படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய்யவேண்டும், அஞ்சலட்டை அளவுக்கு 300 போதும். ஸ்கானர் இல்லையென்றால் விறாந்தையில் நேர்வெயில் படாத வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர்மேலே பிடித்து எடுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஏ5 முழுப் பக்கத்துக்கு ஏறத்தாழ 1750க்கு 2480 புள்ளி (பிக்சல்) வேண்டும். அதற்குக் குறைந்தால் அரைப் பக்கத்தில் போடுங்கள்.

முன்னட்டைப் படத்துக்குக் கோட்டும் டையும் ஒட்டித் தருவதாக ஸ்டூடியோவில் சொல்வார்கள். சாரமும் அரைக்கைச் சேட்டுமாக வாழ்ந்தவருக்கு அது வேண்டாம். மங்கலான முகத்தைத் "தெளிவாக்கும்" செயலிகள் மூக்கையும் கண்ணையும் தாமாக வரைகின்றன. வருவது அப்பா மாதிரி ஒருவர், அப்பா அல்ல. கடைசி வருத்தக் காலத்துப் படத்தையும் அட்டைக்கு எடுக்காதீர்கள்.

6. வாழ்க்கை வரலாற்றை எழுதுவது: 17ஆம் நாளிலிருந்து 21 வரை

இது வீட்டில் சபை நடுவே உரத்து வாசிக்கப்படும். அதனால் 900 சொல்லுக்குள் நிறுத்துங்கள், வாசிக்கப் பத்து நிமிடம் அளவில் ஆகும். அதற்கு மேல் போனால் முதியவர்களுக்கு இருக்க முடியாது, வாசிப்பவருக்குக் குரல் நிற்காது.

"அன்னார் அன்பின் உறைவிடம், பண்பின் சிகரம், பழகுவதற்கு இனியவர்." இந்த வரி எந்த வீட்டுக் கல்வெட்டிலும் பொருந்தும். எனவே எடுத்துவிடுங்கள். "துறைமுகத்தில் இரவு வேலை முடிந்து வரும் நாளில் பாண் வாங்காமல் படி ஏறமாட்டார், பிள்ளைகள் எழும்பும்போது அது சூடாக இருக்கவேண்டும் என்பார்" என்று எழுதினால் அன்பு என்ற சொல்லே தேவையில்லை. ஒவ்வொரு பந்தியிலும் ஓர் இடம், ஒரு பொருள், அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல், இம்மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பந்தி காலியான பந்தி.

பிறப்பு, படிப்பு, தொழில், திருமணம், மக்கள் என்ற ஒழுங்கை மாற்றவேண்டாம். காதால் கேட்பவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் கூடவே வருவார். ஆனால் இடத்தைச் சமமாகப் பங்கிடாதீர்கள். பதவி உயர்வுகள் மூன்று வரியில் முடியட்டும். வீடு கட்டியது, மகளைக் கரைசேர்த்தது, இடம்பெயர்ந்து திரும்பிவந்து கூரை போட்டது, அம்மா வருத்தமாய்க் கிடந்தபோது சமைத்தது, இவற்றுக்கு இடம் கொடுங்கள்.

குறைகளை என்ன செய்வது? கோபக்காரரைச் "சாந்தமே உருவானவர்" என்று வாசித்தால் பின்வரிசையில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். "கோபம் வரும், வெற்றிலை போட்டு முடியுமுன் போய்விடும்" என்று அன்போடு சொல்லலாம். குடும்பத்துக்குள் ஆறாத காணிப் பிணக்கு, கடன், குடி ஆகியவற்றைத் தொடவேண்டாம். எழுதாமல் விடலாம், எதிர்மாறாக எழுதக்கூடாது.

7. பெயர்கள்

மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள், உடன்பிறந்தோர், மைத்துனர், சம்மந்திகள். ஒவ்வொரு கிளைக்கும் ஒருவரிடம் பெயர்களை எழுத்தில் வாங்குங்கள், தொலைபேசியில் கேட்டு எழுதவேண்டாம். ரவீந்திரனா இரவீந்திரனா என்பது காதுக்குத் தெரியாது. பிறகு அம்மாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். விடுபட்ட பெயரை அவர்தான் பிடிப்பார்.

"காலஞ்சென்ற" என்ற சொல் யாருக்கு முன் வருகிறது என்பதைத் தனியாகப் பாருங்கள். "காலஞ்சென்ற இன்னார், இன்னார் தம்பதிகளின்" என்று எழுதும்போது இருவருமா, ஒருவர் மட்டுமா என்பது மயங்கும். ஒருவர் மட்டுமென்றால் உயிரோடு இருப்பவரின் பெயரை முன்னால் போட்டுவிடுங்கள்.

காணாமற்போனவர் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் அவருடைய மனைவியையோ தாயையோ கேட்காமல் அந்தச் சொல்லைப் போடவே கூடாது. இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். பெயரை மட்டும், மற்றச் சகோதரர்களோடு, முறைப்படி உள்ள இடத்தில் போடுங்கள்.

8. வெண்பா, தோத்திரங்கள், பக்க ஒழுங்கு

திதி வெண்பா நான்கு அடி, பதினைந்து சீர். வருடப் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி, அப்பாவின் பெயர் ஆகிய ஐந்தும் அதற்குள் அடங்கவேண்டும். தொழிலையும் ஊரையும் சேர்த்துத் திணிக்கச் சொன்னால் தளை தட்டும். தமிழாசிரியர் ஒருவரிடம் குருக்கள் எழுதித்தந்த துண்டையே கொடுங்கள், வாயால் சொல்லவேண்டாம். 12ஆம் நாளுக்குள் கொடுத்தால் அவருக்கும் நேரம் கிடைக்கும்.

தோத்திரத்தில் பஞ்சபுராணம், சிவபுராணம் வழக்கம். மூன்றாம் திருமுறையில் சம்பந்தர் பாடிய திருக்கோணமலைப் பதிகத்தையும் சேருங்கள். "தாயினும் நல்ல தலைவர்" என்று தொடங்கும் பாடல் அதில்தான் இருக்கிறது. இணையத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது சந்தி பிரித்த வடிவமும் பிரிக்காத வடிவமும் கலந்துவிடும். ஒரே பதிப்பிலிருந்து எடுங்கள்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடவேண்டும். உள்ளே 24 பக்கம் நல்ல அளவு: படமும் தலைப்பும் 1, வெண்பா 1, தோத்திரம் 6, வாழ்க்கை 6, குடும்பத்தவர் நினைவுகள் 4, நண்பர்கள் 1, படங்கள் 2, வம்சாவழி 2, நன்றி நவிலல் 1. ஒரு பக்கம் கூடினால் 28க்குப் போகவேண்டும் என்பதை நினைவுக் குறிப்பு அனுப்புபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, ஆளுக்கு 120 சொல் என்று எல்லை கட்டுங்கள்.

9. ஒப்புநோக்கல், அச்சு: 22 முதல் 29 வரை

எழுத்துருவை அச்சகத்திடம் கேட்டபின் தட்டெழுதுங்கள். சில இடங்களில் இன்னும் பாமினி, சில இடங்களில் யூனிகோட். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது கொம்புகள் இடம் மாறும், ஸ்ரீ சிதறும். மாற்றிய பிறகு முழுவதையும் மீண்டும் வாசிக்கவேண்டும், முதலில் வாசித்தது கணக்கில்லை. எழுத்து 12 புள்ளிக்குக் குறையவேண்டாம், வாசிக்கப்போவது மூக்குக்கண்ணாடிக்காரர்கள். ஓரத்தில் 12 மில்லிமீற்றராவது விடுங்கள். ஓரம்வரை போகும் படங்களை 3 மில்லிமீற்றர் வெளியே நீட்டி வையுங்கள், வெட்டும்போது வெள்ளைக் கோடு விழாது.

பிழை பார்ப்பதைப் போனில் செய்யாமல் தாளில் எடுத்துச் செய்யுங்கள். மூன்று பேர் வேண்டும்: ஒருவர் பெயர்களை மட்டும், ஒருவர் திகதிகளை மட்டும், ஒருவர் வாய்விட்டு வாசித்து ர-ற, ல-ள-ழ, ந-ன-ண. பிழை அதிகம் தப்பும் இடம் முன்னட்டை. பெரிய எழுத்தில் இருப்பதால் யாரும் அதை வாசிப்பதில்லை. அப்பாவின் முதலெழுத்தையும் இரு திகதிகளையும் விரலை வைத்துப் பாருங்கள்.

பிரதிகளை ஆள் கணக்கில் எண்ணாமல் வீட்டுக் கணக்கில் எண்ணி, பத்தில் ஒன்று கூட்டுங்கள். நடுவில் போயா (பௌர்ணமி) விடுமுறை வருகிறதா என்று அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்னரே பாருங்கள்.

10. வாசிப்பும் அதன் பின்னும்

பிள்ளைகளை வாசிக்க வைக்காதீர்கள், இரண்டாம் பந்தியில் குரல் உடையும். குடும்பத்தை அறிந்த ஆசிரியரோ மைத்துனரோ பொருத்தம். முதல்நாள் பிரதியைக் கொடுத்து ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர்களின் உச்சரிப்பைப் பென்சிலால் குறித்துக் கொடுங்கள். அம்மா எங்கே இருப்பார், பக்கத்தில் யார் இருப்பார் என்பதையும் தீர்மானித்துவிடுங்கள்.

மலரை எண்ணிம நூலகமான நூலகம் தளத்துக்குக் கொடுக்கலாம். அங்கே நினைவு மலர்களும் சேர்க்கப்படுகின்றன. இணையத்துக்குப் போகும் பிரதியில் வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கங்கள், சிறுபிள்ளைகளின் பிறந்த திகதிகள் இருக்கக்கூடாது.

குரல் பதிவுகளையும் ஸ்கான் செய்த படங்களையும் இரண்டு தனித்தனி இடங்களில், ஒன்று ஊரில், ஒன்று வெளிநாட்டுப் பிள்ளையிடம் வையுங்கள். ஒரு மலரைத் "திருத்தப் பிரதி" என்று எழுதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பு முடிந்து சோறு பரிமாறும்போதே ஆட்கள் வந்து, "அது அறுபத்தெட்டில்லை தம்பி, அறுபத்தொன்பது" என்று சொல்லத் தொடங்குவார்கள். யார் சொன்னது என்பதோடு ஓரத்தில் குறியுங்கள். ஆண்டுத் திவசத்துக்கு முன் அவற்றைச் சரிபார்த்து ஒரு தாளில் அச்சிட்டு மலருக்குள் வைக்கலாம்.